நாள் தள்ளிப் போடும் மாத்திரை

"இதையெல்லாமா ஆண்டு மலர்ல எழுதுவாங்க?" என்று கேட்டான் என் அறைத் தோழன். எழுதத்தான் வேண்டும் என்பது என் கட்சி. மோட்டாரைப் பற்றியும் கணினியைப் பற்றியும் எழுத நம் மலரில் ஆள் உண்டு. அக்கா தங்கைகள் ரகசியமாக விழுங்கும் ஒரு மாத்திரையைப் பற்றி எழுத ஆள் இல்லை.

ஆடி மாதம் நாட்றம்பள்ளி சுற்றுவட்டாரத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வாரத்தில் மருந்துக்கடைப் பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். "அண்ணா, நாள் தள்ளிப் போற மாத்திரை குடுங்க" என்று தயங்கித் தயங்கி ஒரு குரல் கேட்கும். பல சமயம் வந்து நிற்பது அந்தப் பெண்கூட இல்லை. அவள் தம்பி, கையில் ஒரு துண்டுக் காகிதத்தோடு. கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து மடித்துக் கொடுத்துவிடுவார். ஒரு கேள்வி கிடையாது. டாக்டர் சீட்டைப் பார்த்துத் தர வேண்டிய மருந்து அது!

அதன் பெயர் நோரெதிஸ்டிரோன். புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் செயற்கைப் பொருள். 5 மில்லிகிராம் மாத்திரை, நாளைக்கு மூன்று வேளை. உடம்புக்குள் போனதும் அதில் ஒரு சிறு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறிவிடுகிறது. தினம் 10 முதல் 20 மில்லிகிராம் சாப்பிட்டால், 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் கொண்ட கருத்தடை மாத்திரைக்கு ஏறத்தாழச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் இருப்பதும் 30 மைக்ரோகிராம்தான். ஆக, அம்மனுக்காக விழுங்கிய மாத்திரை, கருத்தடை மாத்திரைக்குரிய அபாயத்தையும் கூடவே கூட்டி வருகிறது.

அந்த அபாயம், இரத்தக் குழாய்க்குள்ளேயே இரத்தம் உறைவது. வாய்வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. உறைய வைக்கும் புரதங்களில் பெரும்பாலானவை அங்கேதான் தயாராகின்றன. உறையாமல் தடுப்பவையும் அங்கேதான். ஈஸ்ட்ரோஜன் வந்ததும் ஃபைப்ரினோஜன் முதலான உறைய வைக்கும் சரக்கு கூடுகிறது. தடுப்பு வேலை செய்யும் புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் குறைகின்றன. ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக்கைத் தளர்த்தினால் வண்டி என்ன ஆகும்? பிரசவத்தில் இரத்தம் அதிகம் போய்விடாமல் இருக்க இயற்கை செய்து வைத்த ஏற்பாடு இது. அதை மாத்திரையால் கிளப்பிவிடுகிறோம். காலின் உள் நரம்பில் உருவாகும் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. 1961லேயே இங்கிலாந்தில் ஒரு டாக்டர், ஹார்மோன் மாத்திரை சாப்பிட்ட நர்ஸ் ஒருவருக்கு இப்படி ஆனதை 'லான்செட்' இதழுக்கு எழுதிவிட்டார். அதன் பிறகுதான் மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் அளவு படிப்படியாகக் குறைந்தது.

பயமுறுத்துகிறான் என்று நினைக்காதீர்கள். மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு சுமார் 2 பேருக்கு இப்படி உறைகிறது. மாலா-என் வகை மாத்திரை சாப்பிடுவோரில் 5 முதல் 7 பேர். டிராஸ்பைரினோன் போன்ற புதிய ரகங்களில் 9 முதல் 12. ஆனால் கர்ப்ப காலத்தில் அபாயம் இதைவிடவும் கூடலாம். பிரசவமான முதல் சில வாரங்களில் பல மடங்கு கூடுகிறது. எனவே மாலா-என்னைக் குப்பையில் போடச் சொல்பவன் நானல்ல. யாரும் எதையும் கேட்காமல் கொடுப்பதும், யாரிடமும் சொல்லாமல் விழுங்குவதும்தான் என் சண்டை. குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறைந்ததுண்டா? பி.பி. உண்டா? கண்ணில் மின்னல் அடித்து ஒற்றைத் தலைவலி வருமா? இதைக் கேட்க இரண்டு நிமிடம் போதாதா? ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். அசையாத காலில் இரத்தம் தேங்கும்.

பிரசவம் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். "பிள்ளை பெத்தவளுக்குத் தண்ணி குடுக்காதே, வயிறு பெருத்துடும்" என்று பல வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். ஏற்கெனவே உறையத் தயாராக இருக்கும் இரத்தம். அதில் தண்ணீரையும் குறைத்தால்? மூளையின் இரத்தக் குழாய் அடைத்து, கடுந் தலைவலியும் வலிப்புமாக வந்த பச்சை உடம்புக்காரிகளைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தை விடுகிறோம்.

பையன்களே, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். ஜிம்மில் உடம்பு ஏற்ற யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி நீட்டினால், அது சிவப்பணுக்களைக் கூட்டி இரத்தத்தைக் கெட்டியாக்கும். மெக்கானிக்கல் படிப்பவனுக்குக் கெட்டி எண்ணெய் குழாயில் எப்படி ஓடும் என்று சொல்லித்தர வேண்டாம்.

திருவிழாத் தேதியை யாரும் மாற்ற மாட்டார்கள். ஒரு பெண்ணின் உடம்பைத்தான் மாற்றச் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அப்படியும் தள்ளிப் போட்டே ஆக வேண்டும் என்று உங்கள் அக்கா சொன்னால், துண்டுக் காகிதத்தோடு கடைக்கு ஓடாமல் அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மாத்திரை சாப்பிடும் நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரியானாலும். மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.