கருப்பு குற்றமா? வெய்யில் விதியா?

கத்தரி வெய்யிலில் வீடு கட்டத் தொடங்கக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது என்று சாஸ்திரம் பேசுகிறார்கள். சொந்தக்காரனுடைய முகூர்த்தத்தின் மேல் இவ்வளவு கவலை! ஆனால் புதுவாயல் பக்கத்தில் ரோடு போடுகிறவனும், கல் சுமக்கிறவளும் உச்சி வெய்யிலில் வேகக்கூடாது என்று எந்த சாஸ்திரமாவது சொல்லிற்றா என்று நாம் கேட்கிறோம்.

வெய்யிலில் தோல் கருப்பானேன்? சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் தோலைக் கெடுக்கிறது. தோல் உடனே மெலனின் என்னும் கருஞ்சாயத்தை அதிகமாக உண்டாக்கிக் குடையாகப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே கருப்பு, அழுக்குமல்ல, பூர்வஜன்ம பாவமுமல்ல. உடம்பு தேடிக்கொண்ட காவலேயாகும்.

இந்தக் காவலை இழிவாக்கித்தான் 1975 முதல் 'ஃபேர் அண்டு லவ்லி' விற்றார்கள். 2020-இல் அதன் பெயர் 'குளோ அண்டு லவ்லி' ஆயிற்று. பெயர் மாறிற்று, "பெண் சிவப்பா?" என்னும் கலியாணப் பேச்சு மாறிற்றா?

அதற்காக, கருத்த தோலை வெய்யில் ஒன்றும் செய்யாதென்பதும் மூடத்தனமே. தோல் எரியும், கண்ணில் புரை விழும், வெப்பத்தால் உயிரும் போகும். முழுக்கைப் பருத்திச் சட்டை, தலைக்கு முண்டாசு, அடிக்கடி தண்ணீர், நடுப்பகலில் நிழல் — இவையே பரிகாரம்.

கூலிக்காரனுக்கு நிழல் கொடுப்பது யார்? 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நியாயந்தான். ஆனால் சாகுமுன் ஒரு கொட்டகையும், பானைத் தண்ணீரும், நடுப்பகல் ஓய்வும் மலிவல்லவா? இவற்றைத் தலைவிதி கொடுக்காது, தோழர்களே! வேலை வாங்குகிறவனிடம் ஒன்றுகூடிக் கேளுங்கள்.