பேரிடரும் பொம்மை விமானமும்

"பேரிடரின் கொடுமையைச் சொல்லால் உணர்த்த இயலாது, கண்முன் காட்டினால்தான் மக்களுக்கு விளங்கும்." தொலைக்காட்சிச் செய்தித்துறையினர் தம் அரங்கப் பொருள்களுக்கும் காட்சி உத்திகளுக்கும் கூறும் நியாயம் இது. இதில் உண்மை அறவே இல்லை என்று கூற மாட்டோம். ஆயினும் எதைக் காட்டுகின்றனர், யாருடைய நன்மைக்காகக் காட்டுகின்றனர் என்று நாம் கேட்க வேண்டாமா?

2018 செப்டம்பரில் 'ஃபுளோரன்ஸ்' புயல் அமெரிக்காவின் வட கரோலினாக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. கடல்நீர் பல அடி உயரத்துக்கு ஊருக்குள் புகும் என்று வானிலை ஆய்வாளர்கள் எச்சரித்திருந்தனர். ஆறடி, ஒன்பதடி என்னும் எண்களைக் கேட்டு யாரும் மூட்டை கட்டுவதில்லை. எனவே 'தி வெதர் சானல்' என்னும் வானிலைத் தொலைக்காட்சி, அரங்கில் நின்ற அறிவிப்பாளரைச் சுற்றிக் கணினியின் துணையால் ஒரு குடியிருப்புத் தெருவைத் தோற்றுவித்து, அதில் நீரை ஏற்றிக் காட்டியது. மூன்றடியில் நீர் அவர் இடுப்பளவு நின்றது. ஆறடியில் தலைக்கு மேல் போயிற்று, கார் மிதந்தது. ஒன்பதடியிலோ, கிணற்றின் அடியில் நிற்பவர்போல அவர் சிறுத்துப்போனார். இதுவும் மாயத் தோற்றமே. ஆனால் அந்த மாயம் உண்மையான ஓர் அளவைச் சொன்னது. வீட்டை விட்டு வெளியேறுவதா, இருப்பதா என்று தயங்கி நிற்பவருக்குப் பயன்படக்கூடியதைச் சொன்னது.

அதே புயல், அதே தொலைக்காட்சி. ஓரிரு நாள்தான் இடைவெளி. வில்மிங்டன் நகரில் நின்ற அதன் செய்தியாளர், காற்று தம்மைத் தூக்கி எறிந்துவிடும் என்பதுபோலக் கால்களை அகற்றி, உடலைச் சாய்த்துத் தள்ளாடினார். அவருக்குப் பின்னால் இருவர் சாவதானமாக நடந்து சென்றனர்! அவர் ஈரப் புல்தரையில் நின்றார், களைத்திருந்தார், அவர்களோ கான்கிரீட் தளத்தில் நடந்தனர் என்று நிலையம் விளக்கம் தந்தது. இருக்கலாம். 2005 அக்டோபரில் நியூ ஜெர்சியில் வெள்ளச் செய்தியைப் படகில் அமர்ந்து துடுப்புப் போட்டபடி வழங்கினார் மற்றொரு நிலையத்தின் செய்தியாளர். அப்போதும் குறுக்கே இருவர் நடந்துபோயினர். நீர் அவர்கள் கணுக்கால் அளவே இருந்தது. அதற்கும் ஒரு விளக்கம் வந்தது. விளக்கத்துக்கு என்றும் பஞ்சமில்லை.

இதைச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம் என்பார் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. நோயாளியான தாயை எங்கே கொண்டு செல்வது, மாட்டை யாரிடம் விடுவது, பூட்டிய வீடு களவு போகாதா என்று நூறு கவலைகளோடு முடிவெடுப்பவருக்குத் தொலைக்காட்சியின் சொல்லே பிடிமானம். அந்தச் சொல் ஒருமுறை நாடகமாயிற்று என்று கண்டவர், மெய்யாகவே ஒன்பதடி நீர் வரும் நாளிலும், "இவர்கள் எப்போதும் இப்படித்தான்" என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவார். நிலையம் செலவழித்தது தன் நற்பெயரை மட்டுமன்று, அவருடைய உயிர்க்காப்பையும்தான்.

புயலிலாவது எச்சரிக்க ஆள் உண்டு. 2014 மார்ச் 8 அதிகாலையில் 239 பேருடன் கோலாலம்பூரிலிருந்து பீஜிங் நோக்கிப் புறப்பட்ட எம்.எச்.370 விமானம் மறைந்தபோது, யாரை எச்சரிக்க வேண்டியிருந்தது? தெரிந்த உண்மைகள் ஒரு கைப்பிடி. செய்தி தீர்ந்துவிட்டது, ஒளிபரப்பு நேரமோ தீரவில்லை. சி.என்.என். நிறுவனம் கனடாவில் விமானிகளுக்குப் பயிற்சி தரும் மாதிரி விமானி அறையொன்றில் தன் செய்தியாளரை நாள்கணக்கில் அமர்த்திவைத்தது. அரங்கில் பொம்மை விமானங்களைக் கையில் ஏந்தி, இப்படித் திரும்பியிருக்கலாம், இப்படிச் சரிந்திருக்கலாம் என்று காட்டிக்கொண்டிருந்தனர். கருந்துளை விழுங்கியிருக்குமோ என்றுகூட ஒரு தொகுப்பாளர் வல்லுநர்களிடம் வினவினார். அந்நேரம் பீஜிங்கின் விடுதியொன்றில் பயணிகளின் உறவினர் ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடந்தனர். மகனோ மனைவியோ இருந்த விமானத்தை ஒருவர் விரல் நுனியில் கவிழ்த்துக் காட்டுவதைக் காண்பவர் நெஞ்சு என்ன பாடுபடும்? அந்தப் பொம்மை எதையும் விளக்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் நடித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 ஜூலையில் வெளியான மலேசிய விசாரணைக் குழுவின் அறிக்கையோ, விமானம் மறைந்ததன் காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை என்றே கூறியது. பொம்மையைச் சாய்த்த கைகளுக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது போலும்!

பொம்மை கிடைக்காத இடத்தில் மனிதனே பொம்மையாகிறான். 2013 ஜூனில் உத்தராகண்ட் வெள்ளத்தின்போது, ஆற்றில் நின்ற ஒருவரின் தோளில் ஏறி அமர்ந்தபடி செய்தி வாசித்தார் ஓர் இந்தியச் செய்தியாளர். அவராகவே விரும்பித் தூக்கினார் என்பது பின்னர் கூறப்பட்ட சமாதானம். வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவரின் தோள் அது. செய்தியாளர் வேலையிழந்தார், தோளில் சுமந்தவர் என்ன ஆனார் என்று எந்தச் சானலும் கேட்கக் காணோம்.

காட்சி வேண்டாம் என்பதன்று நம் வாதம். 2024 சனவரி முதல் நாள் ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தை நிலநடுக்கம் உலுக்கியபோது, அந்நாட்டின் என்.எச்.கே. தொலைக்காட்சியில் அழகிய அரங்கம் எதுவும் தோன்றவில்லை. கரையோரம் வண்ணக் கோடிட்ட ஒரு வரைபடம். ஆழிப்பேரலை வருகிறது, ஓடுங்கள் என்று சிறுவரும் படிக்கக்கூடிய பெரிய எழுத்துகள். 2011ஆம் ஆண்டுப் பேரழிவுக்குப்பின் எச்சரிக்கை மொழியையே மாற்றி அமைத்திருந்த நிலையம் அது. அறிவிப்பாளரான பெண், வழக்கமான பணிவை விடுத்து, ஏறத்தாழ அதட்டும் குரலில் கட்டளையிட்டார்: உயரமான இடத்துக்கு ஓடுங்கள், தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள் என்று.