மேலே யாருக்கு ஐயா வெளிச்சம்?

மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு, கூரையைத் தண்டவாளத்தில் தள்ளித் திறக்கிற மாதிரி செய்து, எட்டு அங்குலத் தொலைநோக்கியை உள்ளே நிறுத்தியாயிற்று. இனி வானம் ஒன்றுதானே பாக்கி? அதுதான் கிடைக்கவில்லை.

தொலைநோக்கி விண்மீன்களைத் தொடர்ந்து சுழல, தாங்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். அந்த உயரத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. போகட்டும், தொட்டியை நகர்த்தச் சொல்லவா முடியும்? திசைகாட்டியை வைத்து ஒப்பேற்றிக்கொள்கிறேன். தெற்கே திரும்பினால் ஒமேகா சென்டாரி. லண்டன்காரர்களுக்கு எழவே எழாத விண்மீன் கொத்து, சித்திரை நடுராத்திரியில் நமக்குச் சுமார் 30 டிகிரி உயரத்தில் நிற்கும். சரியாக அந்தத் திசையில்தான் பக்கத்து அடுக்குமாடியின் ஃப்ளட் லைட், தரையை விட்டுவிட்டு ஆகாயத்தைப் பார்த்தபடி.

தெருவிலாவது பழைய சோடியம் விளக்கை விட்டுவைத்தார்களா? அந்த மஞ்சளுக்கு வடிகட்டி போட்டு ஓரளவு தப்பிக்கலாம். வெள்ளை எல்இடி எல்லா நிறத்தையும் சேர்த்துக் கொட்டுகிறது. அதிலுள்ள நீலம் காற்றில் இன்னும் அதிகமாகச் சிதறுகிறது. மின்சாரம் மிச்சமாம். மிச்சத்தில் இன்னும் நாலு விளக்கு!

1861-இல் வானியலாளர் போக்சன் 'ஏசியா' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தது இதே சென்னையின் நுங்கம்பாக்கம் வானாய்வகத்திலிருந்து. அதே ஆய்வகத்தில் 1867-இல் ரகுநாதாச்சாரி ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டார். இன்று அங்கே நின்று பால்வழியைத் தேடிப் பாருங்களேன்.

"இருட்டு வேணும்னா காவலூர் பக்கம் போங்க" என்கிறார்கள். ஜவ்வாது மலைக்கு வாராவாரம் யார் போவது? ஐப்பசி கார்த்திகை மழைக்குப் போயிற்று, மார்கழியில் கண்ணாடியில் பனி, மாதாமாதம் பௌர்ணமியை ஒட்டி ஒரு வாரம் தண்டம். மிஞ்சுகிற ராத்திரிகளையாவது விடக்கூடாதா?

அந்த ஃப்ளட் லைட்டுக்கு மேலே ஒரு மறைப்புத் தகடு மாட்டுங்கள், செலவு என்னுடையது என்று அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "திருட்டு பயம் சார்." திருடன் என்ன, ஆகாயத்திலிருந்தா குதிக்கிறான்? கண் கூசுகிற வெளிச்சத்துக்குப் பக்கத்து நிழலில் ஒருவன் பதுங்கினால் தெரியவா போகிறது?

அவரே போன வாரம் பேரனோடு வந்து சனியைக் காட்டச் சொன்னார். மங்கலான நெபுலாவுக்குத்தான் இருட்டு வேண்டும், சனி நகர வெளிச்சத்திலும் தெரியும். காட்டினேன். பார்த்துவிட்டுத் திரும்பினார்: "நல்லாத்தானே தெரியுது சார்? அப்புறம் எதுக்குத் தகடு?"