கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது

"என்னடா, நெத்தியில பட்டை? அரியர் கிளியர் ஆகணும்னு வேண்டுதலா?"

போன வாரம் லேப்பில் வகுப்புத் தோழன் ஒருவன் கேட்ட கேள்வி இது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அவன் கேட்டதில் தப்பில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதே லேப்பில் உட்கார்ந்து "சாமியே கிடையாது" என்று மேசையைத் தட்டிப் பேசியவன் நான்தான். அப்படிப்பட்டவன் திடீரென்று திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றால் கேட்கத்தானே செய்வார்கள்? அவனுக்கு அன்று சொல்ல முடியாத பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் ஏன் சாமி இல்லை என்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. நான் சாமி அச்சிலிருந்து வெளியே வருவதைப் பார்த்து வளர்ந்தவன்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பீங்கான் தொழில்நுட்பம் படிக்க வெளியூரிலிருந்தும் இங்கே வருகிறார்கள். அப்பா சின்ன அளவில் கொலு பொம்மையும் அகல் விளக்கும் செய்கிறவர். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கரைசலை ஊற்றுவோம். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், களிமண் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பிள்ளையார். தொட்டால் ஈரமாக இருப்பார், உள்ளே காலியாக இருப்பார். அடியில் ஒரு ஓட்டை போட வேண்டும். இல்லையென்றால் உள்ளே அடைபட்ட ஈரமும் காற்றும் போக வழியில்லாமல் சூளையில் பிள்ளையார் வெடித்துவிடுவார். பத்து வயதில் பிள்ளையாருக்கு ஓட்டை போடுவது என் வேலை. தும்பிக்கை உடைந்தவர், கை போன லட்சுமி எல்லாம் பின்பக்கம் குப்பைக் குவியலில் கிடப்பார்கள்.

இதைத் தினமும் பார்க்கிற பையனுக்குப் பக்தி எங்கிருந்து வரும்? "ஆயா, நாம செஞ்ச பொம்மையையே நாம கும்பிடறமா?" என்று கேட்டதற்கு ஆயா சொன்னது, "பொம்மையைக் கும்பிடல தம்பி, பொம்மை வழியாக் கும்பிடறேன்." அது தப்பித்துக்கொள்ளச் சொல்லும் பதில் என்று அப்போது நினைத்தேன். பிறகு ஒரு நூலகப் புத்தகம், ஒரு டீக்கடை விவாதம் என்று என் நாத்திகம் நன்றாக இறுகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பத்தாவது படித்த வருடம் ஒரு வியாபாரி கார்த்திகை சீசனுக்கு அப்பாவிடம் அகல் விளக்கு எடுத்தார். 38 ஆயிரம் ரூபாய்ச் சரக்கு. தீபம் முடிந்தது, பொங்கல் முடிந்தது, பணம் வரவில்லை. போன் எடுக்கவில்லை. நேரில் போனால் ஆள் இல்லை. அப்பா களிமண்ணுக்குக் கடன், சூளை வாடகைக்குக் கடன் என்று நின்றார். வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசாத நாட்கள் அவை.

ஒரு நாள் காலையில் ஆயா, "வாடா, மணவாளநல்லூர் போயி பிராது கட்டிட்டு வருவோம்" என்றது. ஆயாவுக்கு எழுதத் தெரியாது. எழுதித் தர ஒரு ஆள் வேண்டும், அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டது. இல்லையென்றால் என்னைப் போன்ற ஒருவனை எதற்கு அழைக்கப் போகிறது!

தெரியாதவர்களுக்காக: மணவாளநல்லூர் எங்கள் ஊரை ஒட்டி இருக்கிறது. அங்கே கொளஞ்சியப்பர் என்ற பெயரில் முருகன். வேலும் மயிலுமாக நிற்கிற சிலை இல்லை, உருவமில்லாத சுயம்பு. குறை இருப்பவர்கள் அதை ஒரு காகிதத்தில் மனுவாக எழுத வேண்டும். பெயர், ஊர், என்ன நடந்தது, என்ன வேண்டும் எல்லாம் அதில் இருக்க வேண்டும். உங்கள் ஊர் எவ்வளவு தூரமோ அதற்குத் தகுந்தபடி ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். (முருகனுக்குப் பயணப்படி!) சாமி முன் வைத்துப் பூசை செய்து தரும் அந்தச் சீட்டைப் பொட்டலமாக மடித்து முனியப்பர் சந்நிதி சூலத்தில் கட்டிவிட்டு வர வேண்டும். காரியம் முடிந்ததும் திரும்பி வந்து ராஜினாமா எழுதிப் பிராதை முடித்துக்கொள்ள வேண்டும். வடக்கே உத்தராகண்டில் அல்மோராவுக்குப் பக்கத்தில் கோலு தேவதா என்ற சாமிக்கும் இப்படி மனு எழுதிக் கட்டுகிறார்களாம், சிலர் முத்திரைத்தாளிலேயே எழுதுகிறார்களாம்.

அன்று கோயில் திண்ணையில் உட்கார்ந்து நான் எழுதியது ரொம்ப நன்றாக ஞாபகம் இருக்கிறது. தமிழ்ப் பாடத்தில் கற்ற அத்தனை வசவையும் இறக்கினேன். அவன் தொழில் நாசமாக வேண்டும், குடும்பம் நடுத்தெருவுக்கு வர வேண்டும் என்றெல்லாம் எழுதி, பெருமையாக ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆயா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டியது.

"இத கிழிச்சுப் போடு. அவன் புள்ளகுட்டி என்னடா பண்ணுச்சு? நம்ம பணம் நமக்கு வரணும். குடுக்கறதுக்கு அவனுக்கு ஒரு வழி பொறக்கணும். அவ்வளவுதான் எழுது."

"அவன் ஏமாத்தியிருக்கான் ஆயா."

"அது உனக்குத் தெரியுமா? சாமிக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சத மட்டும் எழுது."

இரண்டாவது காகிதம் வாங்கி நான்கே வரியில் எழுதினேன். எத்தனை விளக்கு, எவ்வளவு தொகை, எந்த மாதம், என்ன வேண்டும். எழுதி முடித்தபோது என் கோபத்தில் பாதி அந்த முதல் காகிதத்தோடு போயிருந்தது. சாமியை நம்பாதவன் எழுதிய மனு அது. ஆனாலும் அன்றுதான் முதல் தடவையாக, ஒரு எழுத்துகூடப் பொய்யில்லாமல் ஒரு விஷயத்தை எழுதியிருக்கிறேன் என்று தோன்றியது.

பணம் வந்ததா? இதைத்தானே கேட்கப் போகிறீர்கள். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வரும் என்பார்கள். வரவில்லை. ஏழு மாதம் கழித்து இரண்டு தவணையாக 25 ஆயிரம் வந்தது. மிச்சம் இன்றுவரை வரவில்லை. ஆயா என்னைக் கூட்டிக்கொண்டு போய் முழுத் தொகைக்கும் ராஜினாமா எழுத வைத்தது. "மீதி அவன் கணக்கு, நம்ம கணக்கு முடிஞ்சுது" என்றது. இதற்கிடையில் அப்பா நான்கு பெரிய மனிதர்களை வைத்துப் பேசினார், வக்கீல் நோட்டீஸும் அனுப்பினார். ஆக, பணம் கொளஞ்சியப்பரால் வந்ததா, வக்கீலால் வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டேன். இதை அற்புதம் என்று உங்களுக்கு விற்க வரவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு எங்கள் ஊர்க் கதைகள் எனக்கு வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தன. சுந்தரர் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எங்கள் ஊரைப் பாடாமல் போகப் பார்த்தாராம், கொளஞ்சியப்பர் வேடன் வடிவில் வந்து அவர் பொருளைப் பறித்து, பழமலைநாதரிடம் திரும்ப அனுப்பினார் என்று தலக்கதை சொல்கிறது. பெரியபுராணத்தில் இன்னொரு கதை. இங்கே இறைவனிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கிய சுந்தரர் அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் போய் எடுக்கிறார். இதில் எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? ஆற்றில் போடுவதற்கு முன் அந்தத் தங்கத்தில் கொஞ்சம் சாம்பிள் வெட்டி வைத்துக்கொள்கிறார்! 'மச்சம்' என்று அதற்குப் பெயர். திருவாரூரில் எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவு. விடவில்லை, மறுபடி பாடி மாற்றைச் சரி செய்ய வைக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். இவர் 'தம்பிரான் தோழர்'. சிவனோடு நட்பு பாராட்டியவர். அவரே சாம்பிள் எடுத்து வைக்கிறார், கணக்குக் கேட்கிறார். அதற்காக யாரும் அவரை நாத்திகர் என்று சொல்லவில்லை, நாயன்மார் என்றுதான் சொல்கிறார்கள். சந்தேகத்தை எல்லாம் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி யாரும் கேட்கவே இல்லை!

சரி, கதை பிடித்துப்போவதும் நம்புவதும் ஒன்றா? இல்லை. நம்பிக்கை வந்தது டிப்ளமோ மூன்றாவது செமஸ்டரில்.

இரண்டு பேப்பர் போய்விட்டது. அப்பாவிடம் எல்லாம் பாஸ் என்று சொல்லியிருந்தேன். மறுதேர்வு நெருங்கியது. ஒரு சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாக மணவாளநல்லூர் போனேன். ஆயா இல்லை, அது அதற்கு முந்தின வருடமே போய்ச் சேர்ந்துவிட்டது. காகிதம் வாங்கி எழுத உட்கார்ந்தேன். "இரண்டு பாடத்திலும் நான் தேர்ச்சி பெற வேண்டும்." சரி. குறை என்ன என்று எழுத வேண்டுமே? "வினாத்தாள் கடினம்" என்று எழுதினேன். ஆயா குரல் காதில் கேட்டது. உனக்குத் தெரிஞ்சத மட்டும் எழுது. எனக்குத் தெரிந்தது என்ன? நான் படிக்கவில்லை. அப்பாவிடம் பொய் சொன்னேன். அவர் கடன் வாங்கிக் கட்டிய பணத்தில் சினிமா பார்த்தேன். யார் மேல் பிராது கொடுப்பது? என் மேலேயேதான் கொடுக்க வேண்டும்.

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்நிதியில் சும்மா நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நான் தனியாக நிற்கவில்லை. என் பொய் அத்தனையும் தெரிந்த ஒருவர் முன்னால் நிற்கிறேன், அவருக்கு என் மேல் கோபம் இல்லை. இதை எப்படி நிரூபிப்பேன்? முடியாது. உளவியலில் இதற்கு ஒரு பெயர் இருக்கும். இருக்கட்டும். அன்று இரவு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் வழக்கம் போல "சாப்பிட்டியா?" என்றார். அதற்கு மேல் எனக்கு என்ன தீர்ப்பு வேண்டும்?

இதிலிருந்து நான் சொல்ல வருவது இதுதான். பிராது முதலில் திருத்துவது எதிராளியை இல்லை, எழுதுகிறவனை. கேட்கிற சாமி உண்மையானவர் என்று நினைத்தால் நாம் கேட்பதும் உண்மையாக இருக்க வேண்டியிருக்கிறது. பக்தி என்று நான் சொல்வது அதைத்தான்.

இதில் ஆபத்தும் இருக்கிறது, மறைக்கவில்லை. "உன் மேல பிராது கட்டிடுவேன்" என்று மிரட்டுகிறவர்கள் உண்டு. போலீசுக்கோ டாக்டரிடமோ போக வேண்டிய விஷயத்தைச் சூலத்தில் கட்டிவிட்டுச் சும்மா இருப்பவர்களும் உண்டு. அது பக்தி இல்லை, சோம்பல். எப்போதும் கேட்டுக்கொண்டே இருப்பதும் பக்தி ஆகிவிடாது. நெய்வேலி தாண்டினால் வடலூர். வள்ளலார் 1867-ல் ஆரம்பித்த தருமச்சாலையில் அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது, பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போடுகிறது. ஒரு சூளையை நாலு நாள் சரியான சூட்டில் வைத்திருப்பதே எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். அந்த அடுப்பைப் பார்த்த பிறகு, எனக்கு இது வேண்டும் அது வேண்டும் என்று மட்டும் கேட்க வெட்கமாக இருக்கிறது.

நாத்திக நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களோடு வாதாட மாட்டேன். பிள்ளையார் உள்ளே காலி என்பது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும், ஓட்டை போட்டவனே நான்தான் :-) பக்த நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: யாரையும் அவசரப்படுத்தி நம்ப வைக்காதீர்கள். 573 டிகிரியில் குவார்ட்ஸ் உருமாறும், அந்த இடத்தில் சூட்டை வேகமாக ஏற்றினாலும் இறக்கினாலும் பீங்கான் விரிசல் விடும் என்று படித்திருக்கிறோமே. மனுஷனும் அப்படித்தான்.

அந்த மடித்த காகிதம் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. மறுதேர்வில் ஒன்று பாஸ், ஒன்று மறுபடி போய்விட்டது. அதனால் தோழனே, உன் கேள்விக்குப் பதில்: அரியருக்கு வேண்டுதல் இல்லை. அதற்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். திருநீறு வேறு கணக்கு.