விழுங்கணுக்களும் தொழுநோய்ப் பணியும்

மாக்ரோபேஜ் என்னும் பெருவிழுங்கணுவை உடலின் காவல் வீரன் என்று வருணிப்பது நம் பள்ளிகளில் நிலைபெற்ற வழக்கம். 1882ஆம் ஆண்டில் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிக்காவ், நட்சத்திர மீனின் இளம் பருவ உடலில் ரோஜா முள்ளைச் செருகி, அதனைச் சூழ்ந்து திரண்ட அணுக்களைக் கண்டார். அந்நாள் தொட்டு இவ்வுவமை நம்முடன் இருந்து வருகிறது. உவமை தவறன்று, அதனோடு நின்றுவிடுவதே தவறு என்பது எம் கருத்து.

இவ்வணுக்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. கல்லீரலில் குப்ஃபர் அணுக்கள், மூளையில் மைக்ரோக்ளியா, நுரையீரலின் காற்றறைகளில் வேறொரு வகை என இடத்திற்கேற்பப் பணி மாறும். இவை அனைத்தும் இரத்தத்திலுள்ள மோனோசைட்டுகளினின்றே தோன்றுகின்றன என்று நெடுங்காலம் கற்பித்து வந்தோம். பல வகைகள் கருப்பருவத்திலேயே உறுப்புகளில் குடியேறி அங்கேயே பெருகுகின்றன என்பது 2010ஆம் ஆண்டையொட்டிய ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. கிருமியைக் கொல்லும் எம்-1, புண்ணை ஆற்றும் எம்-2 என்று 2000ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்ட பாகுபாடும் கரும்பலகைக்கு வசதியானது. உடலினுள் எல்லைகள் அத்துணைத் தெளிவாக இல்லை.

இவை களப்பணியாளருக்கு எதற்கு என வினவலாம். தொழுநோயை எடுத்துக்கொள்வோம். உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவிலேயே உள்ளனர். இந்நோய்க் கிருமி விழுங்கணுவினுள்ளேயே குடியிருந்து பெருகக்கூடியது. டியூபர்குலாய்டு வகையில், லிம்போசைட்டுகள் சுரக்கும் இண்டர்ஃபெரான்-காமா விழுங்கணுக்களைத் தூண்ட, அவை திரண்டு கிருமிகளை அழிக்கின்றன. தோலைக் கீறியெடுத்துச் சோதித்தால் கிருமி தென்படுவது அரிது. லெப்ரமேட்டஸ் வகையிலோ, அதே அணுக்கள் கொழுப்பு நிறைந்து நுரைபோலாகி, தம்முள் கிருமிகள் குவிந்து கிடக்க வாளாவிருக்கின்றன. இந்நோயாளியை எதிர்ப்புச் சக்தியற்றவர் என்று பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. பிற கிருமிகளை அவர் உடல் பெரும்பாலும் வழக்கம்போல் எதிர்க்கவே செய்கிறது. இவ்வொரு கிருமியிடத்தே மட்டும் தளர்ந்து நிற்கிறது. சத்து டானிக் விற்போர்க்கு இவ்வேறுபாடு கசக்கலாம்.

எமக்குப் பெருங்கவலை தருவது வேறொன்று. கூட்டு மருந்துச் சிகிச்சை நடைபெறுகையில் சிலருக்குத் தேமல்கள் திடீரெனச் சிவந்து தடிக்கின்றன. நரம்பு வீங்கி வலிக்கிறது. கை கால் வலுவிழக்கிறது. இது கிருமி பெருகியதால் விளைவதன்று. தூண்டப்பட்ட எதிர்ப்பணுக்கள் கிருமி தங்கியுள்ள நரம்பினுள்ளேயே தாக்குவதால் விளைவது. வீரன் கதையை மட்டும் கற்ற பணியாளர் இதனை எங்ஙனம் விளக்குவார்? நோயாளியோ மருந்தே தீங்கிழைத்தது எனக் கருதி மாத்திரைகளை நிறுத்திவிடுகிறார். மருத்துவர் தரும் பிரெட்னிசொலோன் காலத்தே கிட்டாவிடின் நரம்பின் சேதம் நிலைத்துவிடக்கூடும்.

ஆகவே முதல் மாத்திரை அட்டையை வழங்கும் நாளிலேயே இதனை நோயாளிக்கு எடுத்துரைக்கும் வழக்கம் ஏற்பட வேண்டும். தேமல் சிவந்தாலும், நரம்பு வலித்தாலும், விரல் மடங்கினாலும் அன்றே மருத்துவரிடம் வரவேண்டும். அவர் கூறாமல் மாத்திரையை நிறுத்தலாகாது. ஆசிரியர்களும் விழுங்கணுப் பாடத்தை நடத்தும்போது, முள் குத்திய நட்சத்திர மீனின் படத்திற்கு அருகே ஒரு நரம்பின் படத்தையும் வரைந்து காட்டலாம்.