பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே

ஒரு கார் எப்போது கிளாசிக் ஆகிறது? இந்திய அரசு 2021-ல் இதற்கு ஒரு பதில் எழுதி வைத்தது: ஐம்பது வயசில். அசல் உருவத்தை மாற்றாமல் வைத்திருந்தால் 'வின்டேஜ்' என்று தனிப் பதிவு, நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்து, கட்டணம் 20,000 ரூபாய். சந்தோஷம். ஆனால் இன்னொரு விதிப்படி, சொந்தக் காரின் பதிவு 15 வருஷத்தில் முடிந்துபோகிறது. அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000. பதினைந்தில் 'கிழடு, வெளியே போ' என்பது. ஐம்பதில் மாலை போட்டு வரவேற்பது. நடுவிலுள்ள முப்பத்தைந்து வருஷம் அந்த வண்டியை யார், எதற்காக வைத்திருப்பார்கள் என்று இதை எழுதியவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை.

எனக்கு இதில் சொந்த லாப நஷ்டம் இருக்கிறது, மறைக்கவில்லை. என்னிடம் 2002 மாடல் மிட்சுபிஷி லான்சர் ஒன்று இருக்கிறது. கும்பகோணம் பக்கம் ஒரு ரைஸ்மில் ஷெட்டில் தவிட்டுத் தூசிக்கு அடியில் கிடந்தது. ஒரு புது புல்லட்டைவிடக் குறைந்த விலைக்கு வாங்கினேன். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் திருவள்ளூரில் தயாரிக்க ஆரம்பித்த கார். 1468 சிசி, 87 குதிரைச் சக்திதான். இன்றைய டர்போ ஹேட்ச்பேக் எதுவும் இதை நேர்கோட்டில் தாண்டிப் போய்விடும். போகட்டும். இதே உடம்பிலிருந்து எழுந்த எவல்யூஷன்களில்தான் டாமி மாக்கினென் 1997 முதல் 1999 வரை உலக ராலிப் பட்டம் வென்றார். என் வண்டியில் அந்த எஞ்சின் இல்லை, ஆனால் பின்சக்கரங்களுக்கு மல்டிலிங்க் சஸ்பென்ஷன் இருக்கிறது. காவிரிக் கரையோரம் கல்லணை வரைக்கும் வளைந்து வளைந்து போகும் ரோட்டில், டயருக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று ஸ்டீயரிங் உள்ளங்கைக்குச் சொல்லும். காயப்போட்ட வைக்கோல் வேறு, நெல் வேறு என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். (மூட வேண்டாம்.)

ஆபீஸ் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்வி: "ஸ்பேர் கிடைக்குமா ப்ரோ?" கம்பெனி கவுண்டரில் கிடைக்காது. அதே திருவள்ளூரில் இப்போது சிட்ரோயன் தயாராகிறது. ஆனால் டெல்டாவில் இது ஒரு கேள்வியே இல்லை. இங்கே முப்பது வருஷ டிராக்டர்கள் சேற்றில் இறங்கி உழுதுகொண்டிருக்கின்றன. அவற்றை யாரும் கிளாசிக் என்று சொல்வதில்லை, வேலை செய்கிறது, அவ்வளவுதான். என் லோயர் ஆர்ம் புஷ்ஷை நைலானில் கடைந்து கொடுத்தது அம்மாபேட்டைப் பக்கம் டிராக்டர் பார்க்கிற ஒரு அண்ணன். "கம்பெனிதான் தம்பி போச்சு, இரும்பு எங்க போச்சு?" என்றார்.

இதற்கு நம்மிடம் ஒரு பழைய சொல்லே உண்டு: மராமத்து. வாய்க்காலையும் ஏரியையும் ஊரே கூடிப் பராமரிப்பதைக் குடிமராமத்து என்றோம். அது தளர்ந்தபோது வெள்ளைக்காரன் 1858-ல் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. வாய்க்காலைத் தூர்வாரினால் பொறுப்புள்ள குடிமகன்; காரைத் தூர்வாரினால் கஞ்சன், இல்லை பைத்தியம். 'இன்னுமா இதை ஓட்டுற, வேலை போயிருச்சா?' என்று ஒரு கல்யாண மண்டப வாசலில் கேட்டார்கள்.

இப்போது பெட்ரோலுக்கு வருவோம். 20 சதவீத எத்தனால் கலந்த இ20-ஐ நினைத்து வடிவமைக்கப்பட்ட கார் அல்ல என்னுடையது. பழைய வண்டிகளில் 20,000-30,000 கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று அரசே 2025-ல் சொன்னது. மாற்றிக்கொள்கிறேன், ஹோஸ் பெரிய விலை இல்லை. என்னை உறுத்துவது வேறு. அந்த எத்தனாலில் அரிசியும் இருக்கிறது. இந்திய உணவுக் கழகத்தின் அரிசியை ஆலைகளுக்குக் கொடுப்பதை 2023 ஜூலையில் நிறுத்தினார்கள். அடுத்த வருஷமே மறுபடி திறந்தார்கள். பிறகு 52 லட்சம் டன் ஒதுக்கினார்கள், கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு. கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நனைகிற நம்ம ஊர் நெல்தான் அது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓடுகிற வண்டியை நசுக்கி, புது வண்டிக்கு இரும்பு உருக்கி, அதன் டேங்கில் சோற்றை ஊற்றுவதற்குப் பெயர் சுற்றுச்சூழல் அக்கறை என்றால், தஞ்சாவூர்க்காரனுக்குக் கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்யும்.

புகை இல்லையா? இருக்கிறது. என் கார் பி.எஸ். 6 வண்டியைவிட அதிகம் கக்கும். இதைப் பெங்களூரு டிராஃபிக்கில் தினம் ஓட்ட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. மாதம் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓடுகிற கார் இது. டெல்லியில் பத்து வருஷ டீசலையும் பதினைந்து வருஷ பெட்ரோலையும் வயதை மட்டும் பார்த்துத் தடை செய்தார்கள். உச்ச நீதிமன்றமும் 2018-ல் அதை உறுதி செய்தது. கோடு எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'இஃப்' கண்டிஷனில் தவறான மாறியை வைத்திருக்கிறார்கள். அளக்க வேண்டியது புகையை. மூன்று வருஷமாகப் பராமரிப்பே பார்க்காத வாடகை வண்டி இந்தச் சோதனையில் தப்பித்துவிடுகிறது, பாருங்கள்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இன்னும் அதிகம். 'ஃப்யூச்சர் கிளாசிக்' என்று ரீல்ஸ் போட்டு, நாலு ஹோண்டா சிட்டி விடெக்கும் ரெண்டு ஆக்டேவியா ஆர்எஸ்ஸும் வாங்கி, கவர் போட்டு மூடி, விலை ஏறக் காத்திருப்பவர்கள். ஓடாத காரில் சீல் காயும், டேங்க் துருப்பிடிக்கும், டயர் சப்பையாகும். அவர்கள் வாங்குவது கார் இல்லை, காலி மனை. விலை ஏற ஏற, இந்த வண்டிகளை ஓட்டி உயிரோடு வைத்திருக்கிற பட்டறை அண்ணன்களாலேயே வாங்க முடியாமல் போகும்.

ஜெர்மனியில் முப்பது வயதான, அசலாகப் பராமரித்த காருக்கு ஹெச் என்ற எழுத்தோடு பிளேட் கொடுக்கிறார்கள், ஓட்டவும் விடுகிறார்கள். பிரிட்டனில் நாற்பது வயசானால் சாலை வரி இல்லை. நம் விஏ பிளேட் வண்டியைக் கண்காட்சிக்கும், ராலிக்கும், பெட்ரோல் போடவும், ரிப்பேருக்கும் மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். நான் கேட்பது சலுகைகூட இல்லை. 25 அல்லது 30 வயதில் ஒரு நடுப் பிரிவு, வயதுக்குப் பதிலாக வருஷா வருஷம் கடுமையான புகைச் சோதனை, ஓட்டும் தூரத்துக்கு ஒரு வரம்பு. சோதனையில் தோற்றால் நானே கொண்டுபோய் எடைக்குப் போடுகிறேன்.

என் லான்சருக்கு அடுத்த எஃப்.சி. 2027-ல். 10,000 ரூபாய் எடுத்து வைத்துவிட்டேன். டைமிங் பெல்ட்டும் ஹோஸும் அதற்கு முன்னாடியே மாற்றியாக வேண்டும். அண்ணன் அறுவடை முடிந்து வரச் சொல்லியிருக்கிறார், அதுவரை அவருக்கு டிராக்டர் வேலை.