ஆலைச் சுங்கானே போதும்

சுங்கான் என்றால் கைவினைஞன் கடைந்ததாக இருக்க வேண்டுமாம். ஆலையில் செய்தது அந்தஸ்துக்குக் குறைவாம். சுத்தப் பாசாங்கு!

எங்கள் ஊத்தங்கரைக் கடைத்தெருவில் பீடி உண்டு, சிகரெட் உண்டு. சுங்கானை நான் கண்டதில்லை. பெங்களூர் போய்த்தான் வாங்குகிறேன். அங்கே நான் பார்ப்பது மூன்றே விஷயங்கள். பிரையர் வேர்க்கட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். புகைத் துளை கிண்ணத்தின் அடியில் வந்து சேர வேண்டும். துடைக்கும் கம்பி தடங்காமல் போய்வர வேண்டும். பிரான்ஸின் சேன் குளோத் ஆலைகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதையெல்லாம் செய்து காட்டிவிட்டன. மலிவுச் சரக்கில் மரத்தின் குழிகளை மக்கு வைத்து அடைத்திருப்பார்கள். இருக்கட்டுமே! குறை கண்ணுக்குத்தான், புகைக்கு அல்ல.

அமெரிக்காவின் மிஸௌரியில் மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரிலேயே 1869 முதல் சுங்கான் செய்கிறார்கள். ஜெனரல் மக்ஆர்தர் வாயில் இருந்ததும் அந்த ஜாதிதான். அவருடைய அந்தஸ்து குறைந்ததா?

விலை ஏற ஏற மரத்தின் ரேகை அழகாகும், ருசி ஏறாது. புகையிலையின் நஞ்சும் குறையாது. வாய்ப்புற்று கிண்ணத்தின் விலையை விசாரித்துக்கொண்டு வருவதில்லை. கெடுதலைக் காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்பவன் மலிவாகவே வாங்கட்டும். மிச்சமாவது வீட்டுக்கு உதவும்.